சங்கத்தின் பழைய பெயர்ப் பட்டியலை என்ன செய்யப் போகிறோம்?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்க அலுவலகத்துக்கு ஓர் அம்மையார் வந்தார். அவருடைய கணவர் நம் பழைய உறுப்பினர். ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சித்தூர் வந்து, இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். காலமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அவர் எந்த வருஷம் சங்கத்தில் சேர்ந்தார் என்று ஒரு கடிதம் கொடுங்கள் ஐயா. குடும்ப நல நிதிக்கு அது வேண்டும் என்கிறார்கள்" என்றார்.

நியாயமான கேள்வி. நம் விதிப்படி சேர்ந்த ஆண்டு தெரிந்தால்தான் நிதி கொடுக்க முடியும். அவரிடம் ரசீது இல்லை. வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. எங்களிடம் இருந்த பழைய ரசீதுப் புத்தகங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: 1999ல் நம் நண்பர்கள் இரவு கண்விழித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிய உறுப்பினர் பட்டியல்.

அந்தக் கம்ப்யூட்டர் உயிரை விட்டு வெகுகாலம் ஆகிறது. நல்ல வேளையாக, பட்டியலைக் குறுந்தகடு ஒன்றில் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். இளைஞர் ஒருவர் தன் மடிக்கணினியில் அதைப் போட்டார். பைல் இருக்கிறது, பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. "பழைய வடிவம்" என்று ஒரு செய்தி வந்ததோடு சரி. அம்மையார் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "பரவாயில்லை ஐயா, கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள்" என்று எழுந்து போனார். அவர் நாலு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

பிறகு திருப்பதியில் ஒரு நண்பரிடம் பழைய மென்பொருள் இருப்பது தெரிந்து, அங்கே கொண்டுபோய்த் திறந்தோம். திறந்ததும் இன்னொரு அதிர்ச்சி. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஒரே கிறுக்கல். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்ட பிறகே தமிழ் தெரிந்தது. அவர் சேர்ந்த ஆண்டு அதில் இருந்தது. அம்மையாருக்குக் கடிதம் போயிற்று, நிதியும் போயிற்று. ஆனால் மூன்று வாரம் ஆயிற்று. அந்தத் திருப்பதி நண்பர் தன் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டிருந்தால் என்ன செய்திருப்போம்?

இதை ஒட்டிச் செயற்குழுவில் இரண்டு கருத்து எழுந்தது. "இப்போது இருக்கும் உறுப்பினர்களை மட்டும் புதிதாக டைப் செய்துகொள்வோம், பழையதை விட்டுவிடுவோம்" என்றார்கள் சிலர். "அவசரம் என்ன, வேண்டும்போது திருப்பதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு என்பது என் தாழ்மையான கருத்து. பழைய பட்டியல் முழுவதையும் புதிய வடிவத்துக்கு முறையாக மாற்ற வேண்டும். இந்த ஆண்டே மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டர் விஷயம். நம் பட்டியல் ஆக்சஸ் 97 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் செய்தது. அந்த வகைப் பைலின் பெயர் எம்.டி.பி. என்று முடியும். ஆக்சஸ் 2000 வந்தபோது பைலின் வால் எம்.டி.பி. என்றே இருந்தது, உள்ளமைப்பு மாறிவிட்டது. 2007ல் ஏ.சி.சி.டி.பி. என்ற புதிய வடிவம் வந்தது. 2013 பதிப்பிலிருந்து ஆக்சஸ் 97 பைலைத் திறக்கும் வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. இடையில் வந்த 2003, 2007, 2010 பதிப்புகளில் ஏதாவது ஒன்று இருந்தால் பழையதைத் திறந்து புதியதாக மாற்றலாம். அந்தப் பதிப்புகள்தாம் இக்கரைக்கும் அக்கரைக்கும் பாலம். அவற்றில் கடைசியான 2010 பதிப்புக்கும் 2020 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டது. எம்.டி.பி. டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இத்தகைய பைல்களைப் படிக்கும் என்றாலும், அவற்றைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். பாலம் இருக்கும்போதே ஆற்றைக் கடக்க வேண்டும் அல்லவா? இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இருபது ஆண்டாகத் திரும்பிப் பார்க்காதது நம் குற்றம்.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றுவது நாம் கண்டுபிடித்த வேலை அன்று. நாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிடும் திருமலையில் 13ஆம் நூற்றாண்டிலேயே அது நடந்திருக்கிறது. வீரநரசிங்க யாதவராயர் காலத்தில், திருப்புல்லாணிதாசர் என்பவர் பொறுப்பேற்றுக் கோயிலைப் புதுப்பித்தார். பழைய சுவரை எடுத்தால் அதிலுள்ள கல்வெட்டும் போய்விடும். கல்வெட்டு என்றால் வெறும் எழுத்தா? இன்னார் இவ்வளவு நிலம் கொடுத்தார், அதன் வருவாயில் இன்ன பூசை நடக்க வேண்டும் என்ற சாசனம் அது. எழுத்துப் போனால் தர்மமும் போய்விடும். ஆகவே பழைய கல்வெட்டுகளைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடியும் வெட்டி வைத்தார்கள்.

சாமவை என்னும் காடவன் பெருந்தேவி வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்து, அதன் வழிபாட்டுக்கு நகையும் நிலமும் கொடுத்த செய்தி அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. அவர் காலம் 10ஆம் நூற்றாண்டு என்று பலரும் கொள்வர். போக சீனிவாசர் என்று நாம் சொல்லும் அந்த மூர்த்திக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. கொடுத்த அம்மையாரின் பெயரும் நிற்கிறது. "பழைய கதை நமக்கு எதற்கு, இப்போது கொடுப்பவர் பெயரை மட்டும் வெட்டுவோம்" என்று அன்றைக்கு முடிவு செய்திருந்தால், சாமவை என்று ஒருவர் இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அதோடு நிற்கவில்லை. தாளப்பாக்கம் அன்னமாசாரியாரின் கீர்த்தனைகளை அவர் வழிவந்தவர்கள் செப்பேடுகளில் வெட்டிக் கோயிலிலேயே சங்கீர்த்தன பண்டாரம் என்ற அறையில் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அவை அச்சேறி, இன்று வீடு தோறும் ஒலிக்கின்றன. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோர் படித்துப் படியெடுக்க, 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. அவற்றில் பெரும்பான்மை தமிழ்க் கல்வெட்டுகள். ஆந்திரத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது சின்ன செய்தியா? கல்லிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து தாளுக்கு என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு முறை தோள் கொடுத்திருக்கிறது. நம் முறை வந்தபோது நாம் "வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம்.

சரி, மாற்றிவிடலாம், பட்டனை அழுத்தினால் மாறிவிடாதா என்று கேட்பீர்கள். பைலின் வடிவம் மாறும். ஆனால் நம் தொல்லை அதோடு தீராது. நான் அருகிலிருந்து பார்த்ததில் நான்கு இடங்களில் கால் இடறும் என்று தெரிகிறது.

முதலாவது, எழுத்து. 1990களில் தமிழ் எழுத்துரு ஆளுக்கு ஒன்றாக இருந்தது. பலவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். பைலைப் புதிய வடிவத்துக்கு மாற்றினாலும் உள்ளே இருப்பது அதே ஆங்கிலக் கிறுக்கல்தான். அதைத் தனியாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பழைய எழுத்துருவில் "கொ" என்பதைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைத்திருப்பார்கள். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி அதன் பின்னால். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கோவிந்தனும் கோமளாவும் தலைகீழாக நிற்பார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், தம் இலக்கிய மின்னூல்களை அக்காலத் தமிழ் எழுத்துருக்களில் தொடங்கி, பிறகு திஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் கொண்டு வந்தார்கள். உலகெங்கும் பரவிய தன்னார்வத் தமிழர்கள் அத்தனை நூல்களுக்கு அதைச் செய்திருக்கும்போது, ஒரு பெயர்ப் பட்டியலுக்கு நம்மால் முடியாதா?

இரண்டாவது, தேதி. அந்தக் காலத்தில் பிறந்த ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுத்தாகப் பதித்த இடங்கள் உண்டு. அதைத் தேதியாக மாற்றச் சொன்னால் கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி 00 முதல் 29 வரை இருப்பதை 2000த்தில் சேர்க்கும். 30 முதல் 99 வரை இருப்பதை 1900த்தில் சேர்க்கும். 1928ல் பிறந்த பெரியவர் 2028ல் பிறப்பார். 1931ல் பிறந்த அவருடைய தம்பி 1931லேயே இருப்பார். அண்ணனுக்குத் தம்பி தாத்தா ஆகிவிடுவார். சிரிப்பாக இருக்கிறது. முதியோர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவருக்குச் சிரிப்பு வராது.

மூன்றாவது, இனிஷியல். இது வெளிமாநிலத்தில் வாழும் நமக்கே உரிய தொல்லை. தெலுங்கு மக்களுக்கு இண்டிபேரு உண்டு. வீட்டார் எல்லோருக்கும் அது ஒன்றே. நமக்கோ தந்தையின் பெயரே தலையெழுத்து. திருமணமான பெண்ணுக்குக் கணவர் பெயர் என்றும் வழக்கம். புதிய பட்டியலில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டால், நம் இனிஷியல் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்காரும். அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு வேறு குடும்பப் பெயர். ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கம்ப்யூட்டர் இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடும். பள்ளியிலும் வங்கியிலும் இந்த அவதியை நாம் எல்லோரும் பட்டிருக்கிறோம். நம் சங்கத்திலேயும் அது வேண்டாம். பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில், அவரவர் எழுதியபடியே இருக்கட்டும். குடும்பத்தைச் சேர்க்கத் தனியாக ஓர் எண் கொடுத்தால் போதும்.

நான்காவது, முகவரி. 1999 பட்டியலில் திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு எல்லாம் சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 முதல் அவை திருப்பதி மாவட்டம். அதற்காகப் பழைய பதிவில் கைவைத்து எல்லாவற்றையும் திருத்திவிடக் கூடாது. இந்த மண்ணில் மாவட்டம் மாறுவது புதிதன்று. 1911க்கு முன் சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1960ல் எல்லை திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பழைய முகவரி பழைய கட்டத்தில், புதிய முகவரி பக்கத்துக் கட்டத்தில் என்று இருக்க வேண்டும். தொலைபேசி எண்ணையும் எண்ணாகப் பதித்தால் 0877, 08572 ஆகியவற்றின் முன்னால் உள்ள சுழி காணாமல் போகும். எழுத்தாகவே வைக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் கொரோனா நோயாளிகளின் பட்டியலைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் நிற்காது. மிச்சம் எல்லாம் சத்தமின்றி உதிர்ந்துவிட்டது. 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விட்டுப்போனார்கள்; அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் தாமதமாயிற்று. வசதியும் ஆட்களும் நிறைந்த நாட்டிலேயே இப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

எல்லாவற்றையும் அப்படியே சுமக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. திருமணப் பகுதிக்காக அந்தக் காலத்தில் சாதி, கோத்திரம், நட்சத்திரம், மாதச் சம்பளம் என்று பலதும் கேட்டு எழுதி வைத்தோம். அன்று பெண்ணாகப் பதிவானவர் இன்று பாட்டியாக இருப்பார். அவருடைய இருபது வயதுச் சம்பளமும் சாதகமும் எல்லோர் கைப்பேசியிலும் சுற்றுவது முறையா? தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2023ல் இந்தியாவில் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்துக்காக அன்றி, மரியாதைக்காகவே அவற்றைப் புதிய பட்டியலில் சேர்க்காமல் விட வேண்டும். எதை விடுகிறோம் என்பதைப் பொதுக்குழுவில் சொல்லிவிட்டு விட வேண்டும். கைமறதியாக விடுவது வேறு, யோசித்து விடுவது வேறு.

புதிதாக டைப் செய்வோம் என்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது சந்தா கட்டுபவர்களை மட்டும் ஏற்றினால், மறைந்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், பிள்ளைகளோடு பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் எல்லோரும் ஒரே நாளில் நம் சங்கத்தில் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். இந்தச் சங்கத்துக்குச் செங்கல் சுமந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். நான் முதலில் சொன்ன அம்மையாரின் கணவரும் அந்தக் கணக்குத்தான். செத்தவர் பெயர் எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பெயரை நம்பித்தானே உயிரோடு இருக்கும் ஒருவர் நம் வாசலுக்கு வந்தார்!

ஆகவே செயற்குழுவுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. குறுந்தகட்டில் உள்ள மூலத்தைத் தொடாமல், இரண்டு படி எடுத்து இரண்டு பேர் வீட்டில் வைக்க வேண்டும். படியில்தான் வேலை செய்ய வேண்டும். கடவுச்சொல் தெரிந்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு பழையதில் எத்தனை பெயர், புதியதில் எத்தனை பெயர், சந்தாத் தொகையின் கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று இருவர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். புதிய டேட்டாபேஸோடு, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் சாதாரண எழுத்துப் பைலாகவும் ஒரு படி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல தாளில் ஒரு படி அச்சிட்டுக் கட்டிப் பீரோவில் வைக்க வேண்டும். கரையான் மருந்தும் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பார்ப்பதைச் செயலாளரின் கடமையாக விதியில் எழுதிவிட வேண்டும்.

செலவு அதிகம் இல்லை. திருப்பதி நண்பர் தன் கம்ப்யூட்டரைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் உதவ முன்வந்திருக்கிறார்கள். இவர்களில் இருவருக்குத் தமிழ் எழுதப் படிக்க இப்போதுதான் நம் ஞாயிறு வகுப்பில் பழக்கம். அவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எது? ஆனால் பெயர் சரியா என்று பிள்ளைகளால் சொல்ல முடியாது. கம்ப்யூட்டராலும் முடியாது. அந்தப் பெயருக்கு உரியவர்களால்தான் முடியும்.

வருகிற பொங்கல் விழாவில் மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு, மாற்றிய பட்டியலை அச்சிட்டு வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் வரியையும், தங்களுக்குத் தெரிந்து ஊரில் இல்லாதவர்கள் வரியையும் ஒரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டுகிறேன். பழைய ரசீது இருந்தால் கொண்டு வாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். எழுத்துச் சற்றுச் சிறியதாக இருக்கும்.